ஏடி என்றால் நண்டு

1991 டிசம்பரில் லிங்கராஜபுரத்தில் சாந்தகுமாரி ஓவனிலிருந்து இறக்கிய நண்டு டிப், 2000ஆம் ஆண்டு பாதி கழியும் வரை சூடு ஆறவில்லை. அந்தக் குளிர்காலத்தில் காலிஃப்ளவர் மலிவாக இருந்தது, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, தண்ணீர்க் குழாய்க்காகத் தெருமுனையில் தோண்டிய பள்ளத்தை யாரும் மூடவில்லை. தெருக்காரர்கள் இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு அதே மூச்சில் நண்டு டிப்பையும் சொல்வார்கள். நம்பாதவர்களிடம் வாதம் செய்ய மாட்டார்கள். மழைக்காலத்தில் எங்கள் பிள்ளைகளின் யூனிஃபார்ம் வேறெங்கே உலர்ந்தது என்று திருப்பிக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

டிப் என்பது அப்போது பெங்களூருக்குப் புதிய சங்கதி. சாந்தகுமாரியின் கணவன் ஹெர்பர்ட் லிஃப்ட் மெக்கானிக்; அவனுடைய அக்கா பால்டிமோரில் நர்ஸ். 1988இல் லீவில் வந்தவள் ஒரு தடித்த கண்ணாடிப் பாத்திரத்தையும் அதில் செய்ய வேண்டிய பதார்த்தத்தையும் கொண்டுவந்தாள். நண்டை அவித்து, ஓட்டை உடைத்துச் சதையை மட்டும் நோண்டி எடுத்து, சீஸும் க்ரீமும் கொஞ்சம் கடுகு விழுதும் சேர்த்துப் பிசைந்து, மேலே இன்னும் சீஸைத் துருவிப் போட்டு, மேல்பக்கம் சிவந்து கொப்புளம் விடும்வரை ஓவனில் வைக்க வேண்டும். பிறகு பாத்திரத்தை அப்படியே நடுவில் வைத்து, சிநேகிதர்கள் சுற்றி உட்கார்ந்து, பிஸ்கட்டால் அள்ளித் தின்ன வேண்டும். தனித்தனித் தட்டு கிடையாது, அதுதான் இதன் விசேஷம் என்றாள் அக்கா. சாந்தகுமாரி அமெரிக்காவை முழுதாக நம்பிவிடவில்லை. பச்சை மிளகாயும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்தாள், க்ரீமுக்கு ஒரு வாரத்துப் பாலாடையைச் சேர்த்து வைத்தாள். சீஸ் மட்டும் டின்னில் வந்தது. ஓவன், கிறிஸ்துமஸ் கேக்குக்காக வாங்கிய வட்ட ஓவன். மூடியில் கண்ணாடியும் பக்கத்தில் ஆவி போக ஒரு ஓட்டையும் உண்டு. அதைச் சமையலறை ஜன்னலோரம் வைத்திருந்தாள்.

சிநேகிதர்கள் என்றால் முதலில் வனஜாக்ஷி. அந்தச் சிநேகம் தொடங்கியதே ஒரு தப்பான சொல்லில்தான். சில வருஷங்களுக்கு முன் சிவாஜிநகர் மார்க்கெட்டின் மீன் சந்தில் சாந்தகுமாரி எறா பொறுக்கிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்குரல், "ஏடி... ஏடி கொடப்பா" என்றது. கன்னடத்தில் ஏடி என்றால் நண்டு. தமிழில் அது சிநேகிதியைக் கூப்பிடுகிற சொல்; சிநேகிதியாக இல்லாதவளிடம் சொன்னால் அடி விழுகிற சொல். எக்ஸ்சேஞ்சில் டெலிபோன் ஆபரேட்டராக நாள் முழுக்கக் கன்னடம் பேசுகிற சாந்தகுமாரிக்கு, கூட்டத்திலும் மீன் வாடையிலும் அந்த ஒரு சொல் தமிழாகவே காதில் விழுந்தது. திரும்பி, "யாரும்மா நீ, நடு மார்க்கெட்ல என்ன ஏடின்னு கூப்புடறது?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண், கையை மீன்கடைப் பலகைக்கு நீட்டி, "உங்கள இல்லரீ, நண்டக் கேட்டேன்" என்றாள். மீன்காரர் சிரித்த சிரிப்பில் தராசு ஆடியது. அடுத்த திங்கட்கிழமை எக்ஸ்சேஞ்சில் பக்கத்து நாற்காலிக்குப் புதிதாக வந்து ஹெட்செட்டை மாட்டியவள் அதே பெண். கம்மனஹள்ளியில் வீடு, அப்பாவுக்கு மத்தூர் பக்கம் வயல். அன்றிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. இவள் அவளுக்கு ஏடி, அவள் இவளுக்கு ஏடி.

மூன்றாவது ஆள் அதே எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த ஜெயலக்ஷ்மி, மல்லேஸ்வரத்துக்காரி, மைசூர் சர்க்கார் காலத்திலேயே உத்தியோகத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். சுத்த சைவம். டிப்பின் மேல்படலம் வெறும் சீஸ்தானே என்று ஸ்பூனால் மேலாக வழித்துக்கொள்வாள். நண்டு அடியில் இருக்கிறது, நான் அடிக்குப் போவதில்லை என்பது அவளுடைய கட்சி. வருஷத்துக்கு வருஷம் ஸ்பூன் கொஞ்சம் ஆழமாக இறங்கியதை மற்ற இருவரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். பிஸ்கட்தான் சரிப்படவில்லை, சூட்டில் ஊறி உடைந்து பாத்திரத்துக்குள்ளேயே விழுந்தது. இரண்டாம் வருஷம் வனஜாக்ஷி ஒரு டின் நிறைய நிப்பட்டு பொரித்துக் கொண்டுவந்தாள். அரிசி மாவில் நிலக்கடலை போட்டுத் தட்டியது, நம் தட்டையைவிடக் கனமானது. அது உடையவில்லை. பால்டிமோருக்கு இந்த விஷயம் தெரியாதது பால்டிமோரின் நஷ்டம் என்று மூன்று பேரும் முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகு டிசம்பரில் மூவருக்கும் ஒன்றாக லீவு கிடைக்கும் ஒரு நாளில் சாந்தகுமாரி டிப் செய்வதும் வனஜாக்ஷி நிப்பட்டு டின்னோடு வருவதும் வழக்கமாயிற்று.

1991இல் அந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமையில் விழுந்தது. நண்டு முந்தின நாளே வாங்கியாகிவிட்டது. அதே வாரம்தான் தமிழ்நாட்டுக்குக் காவிரித் தண்ணீர் விடச் சொல்லும் உத்தரவு வந்து ஊர் கொதித்தது. சாந்தகுமாரியின் அப்பா ஊர் அந்த ஆற்றின் கடைமடை, வனஜாக்ஷியின் அப்பா வயல் அதே ஆற்றின் மேல்மடை. இத்தனை வருஷத்தில் இருவருக்கும் ஆற்றைப் பற்றிப் பேச்சே வந்ததில்லை. இரண்டு ஊர் வரப்பிலும் நண்டு வளை உண்டு என்பதைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பஸ் நின்றது. மெயின் ரோட்டில் டயர் எரிந்தது. தமிழில் எழுதிய போர்டுகளில் தார் பூசப்பட்டதாகவும், எங்கெங்கோ குடிசைகள் எரிவதாகவும் செய்தி வந்துகொண்டே இருந்தது. எது நிஜம், எது வதந்தி என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை. விடிகாலையிலேயே ஒரு லிஃப்ட் ரிப்பேருக்குப் போன ஹெர்பர்ட் திரும்பவில்லை. பக்கத்துப் போர்ஷனில் தையல்கடை வைத்திருந்த சந்திரன், போர்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு, மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு சாந்தகுமாரி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். மகள் சிந்துவுக்கு ஆறு வயது, ஏன் யாரும் பேசவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஜன்னல்களைச் சாத்தினார்கள். சமையலறை ஜன்னலில் மட்டும் கண்ணாடி ஒன்று உடைந்து ஓட்டையாக இருந்தது, அதை அடைக்க யாருக்கும் தோன்றவில்லை. நண்டு கெட்டுப்போகும் என்று சாந்தகுமாரி டிப்பைக் கலந்து ஓவனில் வைத்தாள்.

சீஸ் கொப்புளம் விட ஆரம்பித்த நேரத்தில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கேட் திறந்தது. கதவை யாரோ தட்டினார்கள். "ஏடி... ஏடி... பாகிலு தெகியே" என்று ஒரு பெண்குரல் கதவைத் திறக்கச் சொன்னது. அதற்குப் பின்னால் ஒரு ஆண்குரல், "பேக, பேக" என்று அவசரப்படுத்தியது. சந்திரன் எழுந்து வந்து, "தெறக்காதீங்கக்கா, கன்னடத்துல பேசறாங்க" என்று கிசுகிசுத்தான். குழந்தையின் வாயை அதன் அம்மா பொத்தினாள். சாந்தகுமாரிக்கு அந்தக் குரல் யாருடையது என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. அவளை ஏடி என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் உண்டு. நடந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். வைத்த கை அங்கேயே நின்றது. அவள் பயந்தது தெருவில் இருந்த கூட்டத்துக்கு அல்ல. அந்த ஆண்குரலைக் கேட்டதும், வனஜாக்ஷியும் அவர்களோடு சேர்ந்து வந்திருக்கிறாள் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது ஒரு நிமிஷத்துக்கும் குறைவுதான், ஆனால் நினைத்தாள். கதவுக்கு அந்தப்பக்கம் இன்னொரு முறை ஏடி என்ற குரல் வந்தது, இந்த முறை மெதுவாக. பிறகு கேட் சாத்தப்பட்டது, வண்டி போயிற்று. சாந்தகுமாரி சமையலறைக்குப் போய் ஓவனை அணைத்து டிப்பை வெளியே எடுத்து வைத்தாள். யாரும் அதைத் தொடவில்லை. சாயங்காலம் ஹெர்பர்ட் ஸ்கூட்டரைச் சந்துகளுக்குள் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான். பசியில் பாத்திரத்தைத் தொட்டவன் கையை உதறினான்.

ஊர் அடங்கி எக்ஸ்சேஞ்சுக்குப் போன முதல் நாள், வனஜாக்ஷி ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை நீங்க வீட்ல இருக்கல்லியா ஏடி?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும், டிப்பும் அன்று மத்தியானமே ஆறியிருக்கும். சாந்தகுமாரி, "இல்ல ஏடி, ஹெர்பர்ட்டோட சித்தப்பா வீட்டுக்குப் போயிட்டோம். வீட்டுல யாரும் இல்ல" என்றாள். வனஜாக்ஷி ஸ்விட்ச்போர்டில் எரிகிற விளக்குகளைப் பார்த்தாள். "ஹௌதா, அப்படியா" என்றாள். "யாரும் இல்லாத வீட்ல ஓவன்ல நண்டு தானா வெந்துச்சா? உடஞ்ச ஜன்னல்ல ஆவி வந்துட்டு இருந்துச்சு." சாந்தகுமாரி முன்னால் ஒரு விளக்கு எரிந்தது. இணைப்பு ஒயரான கார்டைச் செருகி அந்த டெலிபோன் காலை எடுத்துப் பேசினாள். பேசி முடித்துத் திரும்பியபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. கேன்டீனில் ஜெயலக்ஷ்மிதான் மீதியைச் சொன்னாள். வனஜாக்ஷி அன்று தெரிந்த ஆட்டோக்காரரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சிக் கூட்டி வந்திருக்கிறாள். சாந்தகுமாரியையும் குழந்தையையும் கம்மனஹள்ளிக்குக் கூட்டிப் போய்த் தன் வீட்டில் வைத்துக்கொள்ள. நிப்பட்டு டின்னும் மடியில் இருந்திருக்கிறது. சாந்தகுமாரி காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதாள். அடுத்த மாதம் வனஜாக்ஷி கேட்டு வாங்கிக்கொண்டு ஷிவமொக்காவுக்கு டிரான்ஸ்ஃபரில் போனாள்.

பாத்திரத்தின் சூடு முதல் வாரத்தில் ஆச்சரியமாக இருந்தது, பிறகு தொந்தரவாக இருந்தது, பிறகு வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. டிப் கெடவில்லை, குறையவில்லை, எந்த நேரமும் மெல்லக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. ஹெர்பர்ட் அதை ஃபிரிட்ஜில் வைத்ததில் ஃபிரிட்ஜ் உயிரை விட்டது. தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிப் பார்த்தான். வீட்டுக்காரர் மாடியிலிருந்து, இன்று குழாயில் வெந்நீர் வருகிறதே, தினமும் இப்படியே செய்யுங்கள் என்றார். ஏதோ இன்ஸ்டிட்யூட்டிலிருந்து ஒருவர் தெர்மாமீட்டரோடு வந்து, அளந்து, மறுபடி அளந்து, தனக்கு ரிட்டயர்மெண்டுக்கு மூன்று வருஷம்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பாதிரியார் தூரத்தில் நின்று பார்த்து, இதில் கெட்ட ஆவி எதுவும் இல்லை, நல்ல ஆவிதான் வருகிறது என்றார். பெங்களூர்க் குளிரில் புளிக்காத இட்லி மாவெல்லாம் அதன் பக்கத்தில் வைத்தால் பொங்கியது. தெருவில் பாதிப் பேர் மாவுப் பாத்திரத்தோடும் ஈர யூனிஃபார்மோடும் வந்தார்கள். தின்ன மட்டும் முடியவில்லை. ஜெயலக்ஷ்மி ஒருமுறை மேல்படலத்தை வழித்து வாயில் வைத்து ஒரு வாரம் பேச முடியாமல் கிடந்தாள். வந்தவர்கள் இது ஏன் ஆறவில்லை என்று கேட்டால் ஹெர்பர்ட் அமெரிக்கக் கண்ணாடியைக் காரணம் சொல்வான். சாந்தகுமாரி ஒன்றும் சொல்ல மாட்டாள். அவளுக்குக் காரணம் தெரியும். வீட்டில் யாரும் இல்லை என்று அவள் சொன்ன பொய்க்கு எதிராகச் சாட்சி சொன்னது அந்தப் பாத்திரம்தான்; சாட்சியை யாரும் இன்னும் போகச் சொல்லவில்லை.

அந்த வருஷங்களில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. தினமும் பேசினார்கள். ஷிவமொக்காவுக்கு டிரங்க் கால் போட வேண்டுமென்றால் அந்தப்பக்கம் எடுப்பவள் பெரும்பாலும் வனஜாக்ஷி. "பெங்களூர்" என்பாள் சாந்தகுமாரி. "ஷிவமொக்கா, ஹேளி" என்று நம்பரைச் சொல்லச் சொல்வாள் வனஜாக்ஷி. நம்பரைச் சொல்வாள் இவள், கொடுப்பாள் அவள். பாக்கு வியாபாரிகளும் மாமியார்களும் மாப்பிள்ளைகளும் இந்த இரண்டு பேர் குரலின் மேல் ஏறி நின்று மணிக்கணக்காகப் பேசினார்கள். ஒவ்வொரு முறையும் கார்டைச் செருகும்போது சாந்தகுமாரி நினைத்துக்கொள்வாள்: ஏடி என்று ஒரு சொல் சொன்னால் போதும். லைனில் சூப்பர்வைசர் இருக்கலாம் என்று சொல்லாமல் இருந்தாள், அது சாக்கு என்று அவளுக்கே தெரியும். அந்தப்பக்கத்தில் வனஜாக்ஷியும் நம்பரைக் கொடுத்த பிறகு ஒரு கணம் லைனை விடாமல் வைத்திருப்பாள். மூச்சு கேட்கும். பிறகு க்ளிக். பின்னால் தெருவுக்குத் தெரு எஸ்டிடி பூத் வந்தது, டிரங்க் கால் கேட்பவர்கள் குறைந்து போனார்கள், ஒரு நாள் அந்த ஸ்விட்ச்போர்டையே கழற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த சாந்தகுமாரி பாத்திரத்தின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சிந்து வந்து, "என்னம்மா?" என்றதற்கு, "ஒண்ணுமில்ல, குளிருது" என்றாள்.

வனஜாக்ஷி 1999 கடைசியில் பெங்களூருக்குத் திரும்பி கம்மனஹள்ளி வீட்டிலேயே குடிவந்தாள். ஜெயலக்ஷ்மிதான் சொன்னாள். நடந்து போகிற தூரம். சாந்தகுமாரி பலமுறை புறப்பட்டு, பாதி வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினாள். மறு வருஷம் மழை தொடங்கியதும், அதுவரை ஒரு சொட்டும் குறையாத டிப் ஓரங்களில் சுண்ட ஆரம்பித்தது. வெள்ளை விளிம்பு பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகி, ஒவ்வொரு நாளும் கறுப்பு நடுவை நோக்கி ஒரு விரல் நகர்ந்தது. வீடு முழுக்கத் தீய்ந்த வாசனை. அந்த நேரம் பார்த்துத்தான் காட்டுக்குள் ஒரு பெரிய கன்னட நடிகரைக் கடத்திக்கொண்டு போனார்கள், கடத்தியவன் தமிழ் பேசுகிறவன். ஊரில் மறுபடியும் கடைகள் அடைத்தன, பஸ் நின்றது, மெயின் ரோட்டில் டயர் எரிந்தது. சந்திரன் போர்டைக் கழற்றினான். இந்த ஒன்பது வருஷத்தில் அதைக் கன்னடத்திலும் எழுதியிருந்தான், இருந்தாலும் கழற்றினான். பந்த் நாள் காலையில் டிப்பின் நடுவில் ஒரு கைப்பிடி அளவுதான் மஞ்சளாக மிச்சம் இருந்தது. ஹெர்பர்ட் குனிந்து பார்த்து, "சாயங்காலத்துக்குள்ள கரியாயிடும் சாந்தா" என்றான். கரியாகிவிட்டால் அப்புறம் அவளிடம் கொண்டு போக எதுவும் இருக்காது. வெறும் கையோடு அந்த வாசலில் நிற்கிற தைரியம் தனக்கு இல்லை என்று சாந்தகுமாரிக்குத் தெரியும். கண்ணாடிப் பாத்திரத்தை இட்லிக் குண்டானுக்குள் இறக்கி, மூடி போட்டு, இரண்டு காதையும் துண்டால் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஹெர்பர்ட் சட்டையை மாட்டினான். ஆம்பிளை வந்தால் நிறுத்திக் கேட்பார்கள், பாத்திரத்தோடு போகிற பொம்பளையை விட்டுவிடுவார்கள் என்று சொல்லி அவனைத் தெருமுனையிலேயே நிறுத்தினாள். அவள் திரும்புகிற மூலை வரை அவன் பள்ளத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளம் அப்போதும் மூடப்படவில்லை.

கம்மனஹள்ளித் திருப்பத்தில் நான்கைந்து பையன்கள் அணைந்துபோன டயரைச் சுற்றி நின்றார்கள். அவர்களைத் தாண்டாமல் போக வழியில்லை. ஒருவன் கையை நீட்டி மறித்து, "ஏனம்மா அது?" என்று குண்டானைக் காட்டி என்னவென்று கேட்டான். இருபது வருஷம் கன்னடத்தில் ஊர் ஊராக இணைப்புக் கொடுத்த நாக்கு சாந்தகுமாரிக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தொண்டை வரை வந்தது நண்டு என்ற சொல்தான். அதை விழுங்கினாள். விழுங்கிய பிறகு வேறு சொல் வரவில்லை. துண்டைத் தாண்டிச் சூடு விரலைச் சுட்டது. பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், "ஏடி" என்றாள். சொன்னபோது குரல் உடைந்தது, ஏனென்றால் ஒன்பது வருஷமாக அவள் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. பையன் மூடியைத் தூக்கினான். ஆவி முகத்தில் அடித்ததும் பின்னால் போனான். "சாரா?" என்று குழம்பா என்பதுபோல் கேட்டான். சாரல்ல, டிப், நிப்பட்டை அதில் முக்கித் தின்ன வேண்டும் என்று கன்னடத்தில் சொன்னாள். "நிப்பட்டு எல்லி?" என்றான் இன்னொருவன். நிப்பட்டு சிநேகிதி வீட்டில் இருக்கிறது என்றாள். அப்படி இருக்குமா என்று அவளுக்கே தெரியாது. அவர்களில் மூத்தவன் அவளை மேலும் கீழும் பார்த்து, "யாவூரு?" என்று கேட்டான். "இதே ஊரு" என்றாள் சாந்தகுமாரி. அது பொய்யில்லை. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிடோ, ஹோக்லி" என்றான். அவளைப் போகவிட்டார்கள்.

வனஜாக்ஷியின் வீடு சாத்தியிருந்தது. பந்த் நாளென்றால் கம்மனஹள்ளியில் எல்லா வீட்டிலும் எதையாவது பொரிப்பார்கள், ஆகவே தெருவே எண்ணெய் வாசனையாக இருந்தது. இந்த வீட்டு ஜன்னலிலிருந்து வந்ததில் அரிசி மாவும் நிலக்கடலையும் தனியாகத் தெரிந்தன. சாந்தகுமாரி குண்டானைப் படியில் வைத்தாள். கதவைத் தட்டி, "ஏடி" என்றாள். உள்ளே காலடிச் சத்தம் வந்தது, கதவருகே வந்து நின்றது. தாழ்ப்பாளில் ஒரு கை படுகிற ஓசை கேட்டது. கதவு திறக்கவில்லை. கதவின் அந்தப்பக்கம் நிற்பது எப்படி என்று சாந்தகுமாரிக்குத் தெரியும், இந்தப்பக்கம் நிற்பது எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னொரு முறை கூப்பிட்டாள். உள்ளேயிருந்து வனஜாக்ஷியின் குரல் சுத்தமான தமிழில், "வீட்டுல யாரும் இல்ல" என்றது.

சாந்தகுமாரி படியில் உட்கார்ந்தாள். கதவைப் பார்த்துப் பேசினாள். "அன்னிக்கு நான் உள்ளதான் இருந்தேன். உன் கொரல்னு தெரியும். தாழ்ப்பாள்ல கை வெச்சுட்டு நின்னேன்." அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தாள். ஆனால் அது பாதிதான், மீதியைச் சொல்லாவிட்டால் இத்தனை தூரம் வந்ததில் அர்த்தமில்லை. "நீயும் அவங்களோட வந்திருக்கேன்னு நெனச்சேன். உன்னப் போய் அப்படி நெனச்சேன் ஏடி. அதச் சொல்ல முடியாமத்தான் வீட்டுல இல்லன்னு சொன்னேன்." அவள் அழுதாள், முந்தானையால் துடைத்துக்கொண்டாள், மறுபடி அழுதாள். தெருவில் ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஜன்னலிலிருந்து வந்த வாசனை மாறியது. முதலில் அது தன் குண்டானிலிருந்து வருகிறது என்று பயந்து மூடியைத் திறந்து பார்த்தாள். நடுவில் மஞ்சள் இன்னும் இருந்தது. "நிப்பட்டு கருகுது ஏடி. போய்ப் பாரு மொதல்ல" என்றாள்.

காலடிகள் உள்ளே ஓடின. அடுப்பு அணைந்தது. எதையோ எண்ணெயிலிருந்து எடுத்து எறிகிற சத்தம். காலடிகள் திரும்பி வந்தன, இந்த முறை நிற்கவில்லை. தாழ்ப்பாள் விலகியது. வனஜாக்ஷிக்குப் பாதித் தலை நரைத்திருந்தது. கண் சிவந்திருந்தது, எண்ணெய்ப் புகையால் என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் சாந்தகுமாரியின் முகத்தைப் பார்க்காமல் குண்டானைப் பார்த்தாள். "இன்னும் சூடாவா இருக்கு?" என்று கேட்டாள். ஜெயலக்ஷ்மி சொல்லியிருக்க வேண்டும். "ஆறவே இல்ல" என்றாள் சாந்தகுமாரி. வனஜாக்ஷி குண்டானின் ஒரு காதைப் பிடித்தாள், இவள் இன்னொரு காதைப் பிடித்தாள், உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள்.

பொரித்ததெல்லாம் கரியாகியிருந்ததால் தொட்டுக்கொள்ள எதுவும் இல்லை. வனஜாக்ஷி ஸ்டூல் போட்டு ஏறி லாஃப்டிலிருந்து ஒரு டின்னை இறக்கினாள். 1991இல் மடியில் வைத்துக்கொண்டு வந்து, திருப்பி எடுத்துப்போன அதே டின். மூடியை நெம்பித் திறந்து ஒரு நிப்பட்டை உடைத்தாள். படக்கென்று உடைந்தது. ஒன்பது வருஷத்தில் கொஞ்சம்கூட நமுத்துப் போகவில்லை. கறுப்பு ஓரத்தைச் சுரண்டித் தள்ளிவிட்டு, மிச்சமிருந்த மஞ்சளில் ஆளுக்கொரு நிப்பட்டை முக்கி, ஊதி ஊதி வாயில் வைத்தார்கள். நாக்கு சுடவில்லை. மிளகு சரியாக இருந்தது. வனஜாக்ஷி பேச ஆரம்பித்தாள். அந்த ஆட்டோக்காரர் திரும்பும் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்ததையும், தான் ஷிவமொக்காவில் ஒவ்வொரு டிரங்க் காலிலும் லைனை விடாமல் வைத்திருந்ததையும் சொன்னாள். நீ ஏன் பேசல என்று கேட்டாள். நீ ஏன் பேசல என்று இவள் கேட்டாள். இருவரும் கொஞ்சம் கோபமாகவே சண்டை போட்டார்கள், யாருடைய மூச்சு முதலில் கேட்டது என்பது வரைக்கும். மத்தியானமாகிவிட்டது. பேச்சுக்கு நடுவே வனஜாக்ஷி இன்னொரு நிப்பட்டை முக்கி வாயில் போட்டு முகத்தைச் சுளித்தாள். "ஆறிப்போச்சு ஏடி. ரப்பர் மாதிரி இழுக்குது" என்றாள். சாந்தகுமாரி பாத்திரத்தில் கையை வைத்தாள், வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். ஆறின டிப் நன்றாகவே இல்லை என்பதை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். வனஜாக்ஷி அதை வாணலியில் வழித்துப் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.